பாதையில் திருத்திய கொப்பிகள்

வியாழக்கிழமை கடைசிப் பாடம்.
மண்டூரில் தகரக் கூரைக்குக் கீழே
தரம் ஏழு வெந்துகொண்டிருந்தது.
பலகையில் எழுதினேன்:
3.5 ÷ 0.25

வகுக்கிற எண்ணின் புள்ளியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.
எத்தனை இடம் தள்ளினீர்களோ
மற்றதையும் அத்தனை இடம்.
இடம் போதாவிட்டால் ஒரு பூச்சியம்.
எனக்குப் படிப்பித்தவர் இப்படித்தான் சொன்னார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்காதபடியால்தான்
அந்தத் தவணை நூறு எடுத்தேன் போலும்.

நிலக்சன் கேட்டான்.
"வகுத்தாக் குறையத்தானே வேணும் டீச்சர்?
மூண்டரைய வகுத்துப்போட்டுப் பதினாலு எண்டுறீங்க.
கூடின பத்தரை எங்கயிருந்து வந்த?"

வெண்கட்டியைக் கை மாற்றினேன்.
'அது அப்படித்தான்' என்பது
நாக்கு நுனி வரை வந்து நின்றது.
துறையடியில் பாதையின் இயந்திரம் இருமியது.

மூன்றாம் வாங்கில் யதுர்சிகா,
சனிக்கிழமைகளில் தாயோடு இறால் விற்பவள்,
கொப்பி ஓரத்தில் பஸ் கீறிக்கொண்டிருந்தாள்.
"மூன்றரைக் கிலோ இறால் இருக்கு.
கால் கிலோப் பையில போட்டா எத்தனை பை..."
"பதினாலு."
பஸ்ஸுக்குச் சில்லுப் போடுவதை அவள் நிறுத்தவில்லை.
"எப்பிடிக் கணக்குப் பார்த்தாய்?"
"கிலோவுக்கு நாலு. மூண்டுக்குப் பன்ரெண்டு,
அரைக்கு ரெண்டு.
அது கணக்கில்ல டீச்சர்.
இறால்."

வகுப்புச் சிரித்தது, நானும்தான்.
0.25க்குப் பக்கத்தில் ஒரு பை வரைந்தேன்
இரண்டு காது வைத்து.
நிலக்சன் எழும்பியே விட்டான்.
"அப்ப பை சின்னனாகச் சின்னனாக
எண்ணிக்கை கூடிக்கொண்டு போகும்!
மறுகா... பையே இல்லாட்டி?"
அது பெரிய வகுப்பில் வரும் என்று
நான் தப்பிக்கப் பார்க்கையில்
யதுர்சிகா சொன்னாள்:
"பை இல்லாட்டி ஆரு வாங்குவா?"
பூச்சியத்தால் வகுப்பது பற்றி
இவ்வளவு சுருக்கமாக
பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

மணியடிக்கப் பத்து நிமிடம். ஒரே ஒரு கணக்கு:
4.5 ÷ 0.25
செய்து வைத்துவிட்டுப் போங்கள்.

பின்னேரப் பாதையில்
மோட்டார் சைக்கிள்களுக்கும் யாருடையதோ ஓர் ஆட்டுக்கும் நடுவில்
நின்றபடி திருத்தினேன்.
குருமண்வெளி இன்னும் ஒரு பச்சைக் கோடு.
நிலக்சன் 18. சரி.
இன்னொருத்தன் 0.18,
புள்ளியை மற்றப் பக்கம் ஓடவிட்டிருந்தான்.
யதுர்சிகாவின் கொப்பியைத் திறக்க
வாவித் தண்ணீர் ஒரு துளி தெறித்து விழுந்தது
ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே.
நீலம் பூத்துப் பரவியது.
அங்கே புள்ளி இருந்ததா?
வெயிலுக்கு நேரே பிடித்தேன். மூக்கருகில் கொண்டுபோனேன்.
செய்கை ஒன்றும் எழுதவில்லை, விடை மட்டும்.
ஆடு என்னையே பார்த்தது.
சரி போட்டேன்.
இறால்காரியாச்சே.

வெள்ளி காலை மேசையடிக்கு வந்துவிட்டாள்.
"டீச்சர், இது பிழை. நான் புள்ளி போட்டனான்."
"ஏன் போட்டாய்? பதினெட்டுப் பை எண்டு உனக்குத் தெரியாதா?"
"இறாலெண்டாப் பதினெட்டு" என்றாள்,
எனக்கு விளங்கவேண்டுமென்று மெதுவாக.
"கணக்கெண்டா ஒண்டு தசம் எட்டு."

சிவப்புப் பேனையை மூடிவைத்தேன்.
நாளை சனிக்கிழமை.
துறையடிக்குப் போய்க் கால் கிலோ வாங்கவேண்டும்.
அவர்களுடைய பற்றரித் தராசில்
0.250 என்று எரியுமே,
அதைக் காட்டிக் கேட்கவேண்டும்
இது எது என்று.